‘கன்சாதோ தெ கே?’: ஸ்பானிஷ் பேசும் முதியவர்களின் களைப்பை எப்படி அளப்பது?

#1 வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். டெக்சஸில் சான் அன்டோனியோ பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முதியோர் பகல்நேர மையம் ஒன்றில் வாரம் இரண்டு நாள் நடைப்பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் 70, 80 வயதுக்காரர்கள், மெக்சிகோவில் பிறந்தவர்கள், ஸ்பானிஷ் மட்டுமே பேசுகிறவர்கள். பலருக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. என் ஸ்பானிஷ் வேலையில் பழகியது. பேசிச் சமாளிப்பேன், நுணுக்கம் தெரியாது.

மையத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள், "வகுப்புக்கு வந்தபின் இவர்களுடைய களைப்பு குறைந்ததா? எண்ணில் காட்டுங்கள்" என்றார்கள். நியாயமான கேள்விதான். ஃபேசிட் களைப்பு அளவுகோலின் ஸ்பானிஷ் வடிவத்தை எடுத்துக்கொண்டேன். 13 வரிகள். கடந்த ஏழு நாளில் ஒவ்வொரு வரியும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று 0 முதல் 4 வரை சொல்ல வேண்டும். அவர்களாகப் படித்து நிரப்புவது நடக்காது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. நானே வாசித்தேன்.

84 வயதுப் பெரியவர் ஒருவர் வருகிறார். பிராசெரோ ஒப்பந்தத்தில் (மெக்சிகோவிலிருந்து வயல் வேலைக்கு அமெரிக்கா 1942 முதல் 1964 வரை ஆள் எடுத்த திட்டம்) வந்தவர். சலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்டூஸ் வயலில் ‘எல் கொர்த்தீத்தோ’ பிடித்தவர். குட்டைக் காம்பு போட்ட களைக்கொட்டு அது. நாள் முழுக்க இடுப்பை மடக்கியே நிற்க வேண்டும். கலிபோர்னியா 1975இல்தான் அதைத் தடை செய்தது. இன்று அவர் எங்கள் கூடத்தை இரண்டு சுற்று வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் அவருடைய மதிப்பெண் 50. "களைப்பாக உணர்கிறேன்" என்ற வரியை வாசித்ததும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "கன்சாதோ தெ கே? சி நோ ஆகோ நாதா." எதனால் களைப்பு? நான்தான் ஒன்றும் செய்வதில்லையே!

இவர் ஒருவர் மட்டுமல்ல, மூச்சு வாங்க உட்காருகிறவர்கள் பலரும் தாளில் தெம்பாக இருக்கிறார்கள். வேறு அளவுகோலுக்கு மாறுவதா, அல்லது நான் கேட்கும் விதம்தான் தப்பா? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மா_வாசகன்

தெரியாமல்தான் கேட்கிறேன். 50 என்றால் களைப்பு உச்சத்தில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் தாள் சரியாகத்தானே சொல்கிறது?

#3 எண்சாண்

எல்லோரும் ஒரு முறையாவது வழுக்கும் இடம் அது. ஃபேசிட் 0 முதல் 52 வரை போகும். எண் கூடக் கூடக் களைப்பு குறைவு. 50 என்றால் பெரியவர் கிட்டத்தட்டக் குதித்து ஓடுகிறார் என்று பொருள். ப்ராமிஸ் களைப்பு அளவில் இதற்கு நேர் எதிர்: அமெரிக்கப் பொதுமக்களின் சராசரியை 50 என்று வைத்திருக்கிறார்கள், மேலே போனால் களைப்பு அதிகம். க்ரப் குழு 1989இல் கொண்டுவந்த ஒன்பது வரி அளவுகோலிலும் எண் ஏறினால் களைப்பு ஏறுகிறது. இரண்டு அளவுகோலை ஒரே அட்டவணையில் போட்டுவிட்டுத் திசையைத் திருப்ப மறந்த அறிக்கைகளை நானே திருத்தியிருக்கிறேன்.

வைகைக்கரை, நான் கேள்வித்தாள் புள்ளியியல் வேலை செய்கிறவன். ஃபேசிட் மட்டமான கருவி இல்லை. ஆனால் அது பிறந்த இடத்தைப் பாருங்கள். 1990களில் புற்றுநோயாளிகளின் ரத்தசோகையை ஒட்டி உருவானது. "சாப்பிடக்கூட முடியாத அளவு களைப்பு" என்று ஒரு வரி வருகிறது இல்லையா? கீமோதெரபியில் இருப்பவரிடம் அதைக் கேட்பதில் பொருள் இருக்கிறது. உங்கள் மையத்துக்கு நடந்து வந்து, கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் கேட்டால் எல்லோரும் ‘நாதா’ (ஒன்றுமில்லை) என்றுதான் சொல்வார்கள். மதிப்பெண் மேல் முனையில் போய்க் குவியும். அப்புறம் உங்கள் வகுப்பு எவ்வளவு நன்றாக நடந்தாலும் எண் ஏறுவதற்கு இடமே இருக்காது.

ஒன்று கேட்க வேண்டும். ஐந்து பதில்களையும் எப்படி வாசித்தீர்கள்?

#4 வைகைக்கரை

தாளில் இருப்பதுபோலத்தான்: நாதா, உன் போகோ, அல்கோ, மூச்சோ, முச்சீசிமோ (ஒன்றுமில்லை, கொஞ்சம், ஓரளவு, நிறைய, மிக நிறைய). ஒரு பாட்டி நடுவில் நிறுத்தி, "உன் போகோ பெரிசா, அல்கோ பெரிசா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த இருவர் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். கால் மணி நேரம் அந்தச் சண்டையிலேயே போயிற்று.

#5 எண்சாண்

நினைத்தேன். தமிழில் ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ இரண்டில் எது பெரிது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அதே சண்டைதான். படித்துப் பழகியவர்கள் ஐந்து சொல் வரிசையாக இருப்பதைப் பார்த்ததும் ஏணி என்று புரிந்துகொள்வார்கள். காதால் கேட்கிறவருக்கு ஏணி தெரியாது, சொற்கள்தான் தெரியும். அதனால் முதல் சொல், கடைசிச் சொல் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் ஸ்பானிய வம்சாவளியினர் சர்வேக்களில் முனைப் பதில்களையும் ‘ஆமாம்’ பதில்களையும் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று மரீன் குழு 1992லேயே எழுதியது. படிப்பு குறைந்தவர்களிடமும், அமெரிக்க வாழ்க்கைக்கு அதிகம் பழகாதவர்களிடமும் இந்தப் போக்கு தூக்கல். இதை அவர்கள் குறை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வீடு தேடி வந்து கேட்கிறவரிடம் முகம் கொடுத்துப் பேசும் மரியாதையும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் ஃபேசிட்டில் 11 வரிகள் களைப்பைச் சொல்கின்றன, இரண்டு மட்டும் தெம்பைச் சொல்கின்றன ("எனக்குச் சக்தி இருக்கிறது" என்பதுபோல). எல்லாவற்றுக்கும் ‘நாதா, நாதா’ என்று போய்க்கொண்டிருப்பவர் அந்த இரண்டுக்கும் அதே வேகத்தில் ‘நாதா’ என்றால், கணக்கில் எட்டு புள்ளி போய்விடும். இந்த அளவுகோலில் மூன்று, நான்கு புள்ளி மாறினாலே உணரத்தக்க மாற்றம் என்கிறார்கள். எட்டு எவ்வளவு பெரிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#6 பிராங்ஸ்_தம்பி

நான் நியூயார்க்கில் சுவாச சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். அளவுகோல் பற்றி எனக்குத் தெரியாது, சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புவேர்ட்டோ ரிக்கோ, டொமினிகன் பாட்டி தாத்தாக்களிடம் ‘ஃபதீகா’ என்ற சொல்லைத் தப்பித் தவறியும் ‘களைப்பு’ என்ற பொருளில் பயன்படுத்தாதீர்கள். அகராதியில் களைப்புதான். அவர்கள் வாயில் ஃபதீகா என்றால் ஆஸ்துமா, மூச்சிரைப்பு. "எல் நேனே தியெனே ஃபதீகா" என்று ஒரு பாட்டி சொன்னால் பேரனுக்கு இழுப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். வேலையில் சேர்ந்த புதிதில், பையன் விளையாடிக் களைத்துப்போயிருக்கிறான் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். அந்தப் பாட்டி என்னை விட்ட திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

ஆக, "உங்களுக்கு ஃபதீகா உண்டா?" என்று கேட்டால் மெக்சிகோக்காரர் களைப்புக்குப் பதில் சொல்வார், எங்கள் பக்கத்து ஆள் நுரையீரலுக்குப் பதில் சொல்வார். இரண்டும் ஒரே கட்டத்தில் போய் விழும்.

#7 கடலோரக்கிளி

தம்பி, இங்கே ஸ்பெயினில் கதை இன்னும் மோசம். நான் பார்சிலோனாவில் முதியோர் பராமரிப்பில் இருக்கிறேன், அதற்கு முன் நான்கு வருடம் செவில்லா. ஆந்தலூசியாக்காரர்கள் வயிற்றைப் புரட்டி வாந்தி வருவதுபோல் இருந்தாலும் ஃபதீகா என்பார்கள். வெட்கமாக, கூச்சமாக இருந்தாலும் "மே தா ஃபதீகா" என்பார்கள். "கடன் கேட்க எனக்கு ஃபதீகாவாக இருக்கிறது" என்றால் கேட்கக் கூசுகிறது என்று பொருள். மாடி ஏறி மூச்சு வாங்கினாலும் வயதானவர்கள் அதே சொல்லைச் சொல்லிவிடுவார்கள்.

நிஜமாகவே களைத்திருந்தால் அந்த அறிவியல் சொல் யார் வாயிலும் வராது. "எஸ்தோய் எச்சோ போல்போ" என்பார்கள், பொடிப்பொடியாய் ஆகிவிட்டேன். "மொலிதா" என்றால் மாவு மாதிரி அரைபட்டுவிட்டேன். நம் ஊரில் "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பதற்குப் பக்கத்தில் வரும். மெக்சிகோ ‘ஃப்ளொஹேரா’வில் கவனம். அங்கே அது பெரும்பாலும் சோம்பல். உழைத்து வாழ்ந்த ஒரு பெரியவரிடம் "உங்களுக்கு ஃப்ளொஹேராவா?" என்று கேட்டால் அவமானப்படுத்துகிற மாதிரி. கொலம்பியாவில் "மமாதோ" என்றால் களைத்துப்போனவன், இங்கே அதே சொல்லுக்குக் குடிபோதை. சக ஊழியர் ஒருவர் கொலம்பியா. முதல் வாரமே மேற்பார்வையாளரிடம் "நான் இன்று மமாதா" என்று சொல்லி மாட்டிக்கொண்டார்.

#8 ஓலைப்பாய்

கிளி அக்கா, பிராங்ஸ் தம்பி, நீங்கள் இரண்டு பேரும் சொன்னதைப் படித்ததும் தோன்றியது. நம்மிடமும் அப்படியே இருக்கிறதே. ‘இளைப்பு’. இளைப்பாறுதல் என்றால் களைப்பு தீர ஓய்வெடுப்பது. ஆனால் "அவருக்கு இளைப்பு" என்றால் ஊரில் ஆஸ்துமா. மூச்சும் களைப்பும் ஒரே சொல்லில் தங்குவது கரீபியனுக்கு மட்டும் உரிய விநோதம் இல்லை. உடம்பு உழைத்து ஓயும்போது முதலில் தெரிவது மூச்சுதானே.

அசதி, சோர்வு, களைப்பு, அலுப்பு, ஆயாசம். ஐந்தையும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மாற்றாக எழுதிவிடலாம். ஆனால் காய்ச்சல் விட்டபின் வருவது அசதி, பஸ்ஸில் இரவெல்லாம் வந்தால் அலுப்பு. மாற்றிச் சொன்னால் காதில் இடிக்கும். ஸ்பானிஷிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

#9 கடலோரக்கிளி

அப்படியேதான். கன்சான்சியோ அன்றாடக் களைப்பு. அகோத்தாமியெந்தோ கிணறு வற்றினாற்போல. தெகாயிமியெந்தோவில் மனமும் சேர்ந்து தொங்கிவிடுகிறது. சின் கானாஸ் என்றால் ‘விருப்பமே இல்லை’, உடம்பைப் பற்றிய பேச்சே இல்லை.

#10 ஓய்வு_டாக்டர்

ஹூஸ்டனில் பொது மருத்துவத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு இப்போது திருநெல்வேலியில் இருக்கிறேன். சொல்லாராய்ச்சி சுவையாக இருக்கிறது, ஆனால் கிளி சொன்ன கடைசி வரியில்தான் மருத்துவப் பிரச்சினை இருக்கிறது.

முதியோர் மருத்துவத்தில் உடல் நலிவைக் கண்டறிய ஃப்ரீட் குழு 2001இல் ஐந்து அடையாளங்கள் சொன்னது: எடை குறைதல், ஓய்ச்சல், கைப்பிடி வலு குறைதல், நடை மெதுவாதல், நடமாட்டம் குறைதல். மூன்று இருந்தால் நலிவு. இதில் ஓய்ச்சலை மட்டும் எப்படி அளந்தார்கள் தெரியுமா? மனச்சோர்வுக் கேள்வித்தாள் ஒன்றிலிருந்து (1977இல் ராட்லாஃப் வெளியிட்ட 20 வரி சி.இ.எஸ்.-டி) இரண்டு வரிகளைக் கடன் வாங்கினார்கள். ஒன்று, "செய்ததெல்லாம் பெரும்பாடாக இருந்தது". இன்னொன்று, ஆங்கிலத்தில் பேச்சுவழக்காக இருக்கும் ஒரு வரி. வண்டி கிளம்பவே மாட்டேன் என்கிறது என்கிற மாதிரி. வாரத்தில் மூன்று நாளாவது அப்படி இருந்தது என்று இரண்டில் ஒன்றுக்குச் சொன்னாலே போதும்.

அந்த இரண்டாவது வரிக்குத்தான் ஸ்பானிஷில் ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு உலவுகிறது. ஒன்று "எதையும் செய்ய விருப்பமில்லை" என்கிறது. இன்னொன்று "தொடர்ந்து முன்னே போக முடியவில்லை" என்கிறது. முதலாவது மனம், இரண்டாவது கிட்டத்தட்ட வாழ்க்கையையே பற்றிய பேச்சு. கால் எழவில்லை என்பது இரண்டிலும் இல்லை. எந்தத் தாளை எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து அதே பாட்டி நலிந்தவராகவோ நலியாதவராகவோ ஆகிவிடுவார்!

அதற்காக மனத்தையும் உடம்பையும் கத்தி வைத்து வெட்டிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 1982 முதல் 1984 வரை அமெரிக்க அரசு மெக்சிகோ, கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினரிடம் எடுத்த பெரிய உடல்நலக் கணக்கெடுப்பில் இதே சி.இ.எஸ்.-டி இருந்தது. குவார்னாச்சியா குழு 1989இல் அதை அலசியது. துக்கம் பற்றிய வரிகளும் உடம்பு பற்றிய வரிகளும் தனித்தனிக் குழுக்களாகப் பிரியாமல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்தன. என் நோயாளிகளும் அப்படித்தான் பேசினார்கள். "உடம்பு தாழ்ந்துபோயிருக்கிறது டாக்டர்" என்று வருவார்கள், பேசப் பேச மகன் இறந்த விஷயம் வெளியே வரும்.

வைகைக்கரை, ஒரு நடைமுறை யோசனை. எந்த அளவுகோலை எடுத்தாலும், சுவரைப் பிடித்து நிற்கிறவர்களை முதலில் அவர்களுடைய டாக்டரிடம் அனுப்புங்கள். ரத்தசோகை, தைராய்டு, இதயம், தூக்கத்தில் மூச்சுத் தடை, சர்க்கரை, அப்புறம் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, தூக்க மாத்திரை. அளந்துகொண்டே இருந்து ஹீமோகுளோபின் 8 என்பதைக் கவனிக்காமல் விட்ட கதை உண்டு.

#11 வைகைக்கரை

டாக்டர் ஐயா, அனுப்பிவிட்டேன். பெரியவருக்குப் போன மாதம்தான் பரிசோதனை நடந்தது, ரத்தம் சரியாக இருக்கிறது. வயதுதான் என்றார்களாம்.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஃபேசிட் தாளையே இன்னொரு முறை அவரிடம் வாசித்துப் பார்த்தேன். சில வரிகள் "மே சியெந்தோ..." என்று தொடங்குகின்றன. அதற்கு ‘நான் உணர்கிறேன்’ என்றும் பொருள், ‘நான் உட்கார்கிறேன்’ என்றும் பொருள். நான் "மே சியெந்தோ..." என்று இழுத்ததும் அவர் "சீ, மே சியெந்தோ" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மொத்தக் கூடமும் சிரித்தது. எனக்கு மட்டும் அது பதில் மாதிரி பட்டது.

வேறு மாதிரி கேட்டாலும் "அகீ அன்தாமோஸ்" என்கிறார்கள், ஏதோ ஓடுகிறது என்பதுபோல. அல்லது "ஆய் கே அக்வான்தார்", பொறுத்துக்கொள்ளத்தானே வேண்டும். இந்த ‘அக்வான்தார்’ என்ற சொல்லைத் தினம் பத்து முறை கேட்கிறேன். தாங்குவதைப் பெருமையாக நினைக்கிறவர்களிடம் "தாங்கவில்லையா?" என்று கேட்பதுதான் என் வேலையாகிவிட்டது.

#12 நடைவண்டி

இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன். முதியோர் நடை பற்றிய ஆராய்ச்சிக் குழு ஒன்றில் உதவியாளராக இருந்தேன். பெரியவர் சொன்ன "எதனால் களைப்பு, நான்தான் ஒன்றும் செய்வதில்லையே" என்பதை விட்டுவிட்டு எல்லோரும் மொழிபெயர்ப்புக்குப் போய்விட்டீர்கள். அவர் தாளைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

வயதாக ஆக மனிதர்கள் களைப்பு வராத அளவுக்கு வேலையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். முதலில் சந்தைக்குப் போவது நிற்கும். அப்புறம் மாடி ஏறுவது, அப்புறம் தெருமுனை. போன ஏழு நாளில் களைத்தீர்களா என்றால் இல்லைதான், களைக்கும் இடத்துக்கே போகவில்லையே. 40 வயதில் ஒரு நாளில் 12 மணி நேரம் குனிந்தவரும், இன்று தபால் பெட்டிவரை நடப்பவரும் ஒரே தாளில் ஒரே பதில் சொல்லலாம். அதனால்தான் இந்தத் துறையில் களைப்பு வேறு, களைப்படையும் தன்மை வேறு என்று பிரித்தார்கள். இன்ன வேலையை, இன்ன வேகத்தில், இவ்வளவு நேரம் செய்தால் எவ்வளவு களைப்பீர்கள் என்று வேலையை நிலையாகப் பிடித்துக்கொண்டு கேட்பது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நான்சி க்ளின் குழு 2015இல் இதற்காகவே ஓர் அளவுகோல் வெளியிட்டது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பத்து செயல்கள்: நிதானமாக 30 நிமிடம் நடப்பது, வேகமாக ஒரு மணி நேரம் நடப்பது, இலேசான வீட்டுவேலை ஒரு மணி நேரம், கனமான தோட்டவேலை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் டிவி பார்ப்பது, சும்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது, விருந்தாளிகளை அழைத்து ஒரு மணி நேரம் உபசரிப்பது, இப்படி. ஒவ்வொன்றையும் முடித்தவுடன் உடம்பு எவ்வளவு களைக்கும், மனம் எவ்வளவு களைக்கும் என்று தனித்தனியாக 0 முதல் 5. உடம்புக்கு 50, மனத்துக்கு 50. உடம்புக் கணக்கில் 15ஐத் தொட்டால் களைப்படையும் தன்மை கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு ஸ்பானிஷ் வடிவமும் இருக்கிறது. வாங்கிப் பாருங்கள்.

#13 ஓய்வு_டாக்டர்

நல்ல கருவிதான். ஆனால் செய்யாத வேலையைக் கற்பனை செய்து மதிப்பிடச் சொல்கிறீர்கள். அடுக்குமாடியில் இருபது வருடமாக இருக்கும் கியூபாப் பாட்டிக்குக் கனமான தோட்டவேலை எப்படித் தெரியும்? தெரியாததற்கு 5 போடுவார், அல்லது "அதெல்லாம் என் வீட்டுக்காரர் செய்வார்" என்பார்.

#14 நடைவண்டி

உண்மைதான் ஐயா. அதனால்தான் அதைச் செய்ததுண்டா, இல்லையா என்பதையும் சேர்த்துக் கேட்கிறார்கள். கற்பனைக் கேள்வி கடினம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘விருந்தாளியை உபசரிப்பது’ என்ற ஒரு வரிக்கு எங்கள் குழுவில் கிடைத்த பேச்சு வேறு எதற்கும் கிடைத்ததில்லை. யார் யார் வருவார்கள், எத்தனை தமாலே செய்ய வேண்டும் என்று தொடங்கிவிடுவார்கள். அந்தக் கணக்கில் களைப்பு தானாக வெளியே வரும்.

கற்பனையே வேண்டாம் என்றால் நிஜமாகவே நடக்க வைக்கலாம். பால்டிமோர் முதுமை ஆய்வில் டிரெட்மில்லில் மணிக்கு 1.5 மைல் வேகத்தில், அதாவது கிட்டத்தட்ட உலாத்துகிற வேகத்தில், ஐந்து நிமிடம் நடக்கவிட்டு, எவ்வளவு சிரமமாக இருந்தது என்று போர்க் அளவில் (6 முதல் 20 வரை) கேட்டார்கள். அந்த உலாத்தலுக்கே 10 அல்லது அதற்கு மேல் சொன்னால் எளிதில் களைப்பவர் என்று கணக்கு. டிரெட்மில் இல்லையென்றால் 400 மீட்டர் நடை. 40 மீட்டர் கொண்ட சுற்று, பத்து முறை. இரண்டாவது சுற்றுக்கு ஆன நேரத்தையும் ஒன்பதாவது சுற்றுக்கு ஆன நேரத்தையும் ஒப்பிட்டால் போதும். முதல் சுற்றில் உற்சாகம், கடைசிச் சுற்றில் "முடியப்போகிறது" என்ற வேகம், அதனால் அந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

#15 சும்மா_வாசகன்

அப்படியானால் கேள்வித்தாளே எதற்கு? எல்லோரையும் நடக்கவிட்டு நேரத்தை எழுதிக்கொண்டால் ஆயிற்றே.

#16 எண்சாண்

நேரம் சொல்வது காலைப் பற்றி. களைப்பு அவருக்குத் தெரிவது, நமக்குத் தெரிவதில்லை. ஒருவர் ஒன்பதாவது சுற்றையும் அதே வேகத்தில் முடித்துவிட்டு மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடக்கலாம். கடிகாரம் அதைச் சொல்லாது.

#17 ஓலைப்பாய்

ஒரு சந்தேகம். சொற்கள்தான் பிரச்சினை என்றால், வைகைக்கரையே தாளில் ‘ஃபதீகா’ மாதிரி சொல் வந்தால் ‘கன்சான்சியோ’ என்று மாற்றி வாசித்துவிடலாமே? இரண்டு நிமிட வேலை.

#18 எண்சாண்

செய்யக்கூடாது. முதல் காரணம் உரிமம், வெளியிட்ட அமைப்பின் அனுமதி இல்லாமல் சொல்லை மாற்ற முடியாது. இரண்டாவது காரணம் முக்கியம்: மாற்றிய கணத்தில் அது வேறு அளவுகோல். மற்றவர்களின் எண்களோடு ஒப்பிட முடியாது.

இந்தச் சொற்களை யாரோ சோம்பேறித்தனமாகப் போட்டுவிடவில்லை. ஃபேசிட் குழுவினர் ஸ்பெயின், மெக்சிகோ, கரீபியன் என்று எல்லா ஊர்க்காரர்களுக்கும் பொதுவான ஒரே ஸ்பானிஷ் வேண்டும் என்று பல நாட்டு மொழிபெயர்ப்பாளர்களை உட்கார வைத்துத்தான் செய்தார்கள். இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து, ஒன்றாக்கி, மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பி, குழுவாக உட்கார்ந்து பார்த்து, கடைசியில் சாதாரண மக்களிடம் சோதிப்பது என்ற முறையை பீட்டன் குழு 2000இல் எழுதி வைத்தது. இன்றும் பலர் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். என் குறை எல்லாம் திருப்பி மொழிபெயர்க்கும் படியைப் பற்றித்தான். ‘ஃபதீகா’வை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் அழகாகக் களைப்பு என்றே வரும், எல்லோரும் கைதட்டுவார்கள். பிராங்ஸ் பாட்டி மட்டும் ஆஸ்துமாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அதைப் பிடிப்பது கடைசிப் படி, ஆளிடம் போய் "இந்த வரியை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேட்பது. காசும் நேரமும் குறையும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் படிதான்.

எஸ்.எஃப்-36 என்ற புகழ்பெற்ற உடல்நலத் தாளின் பழைய ஆங்கில வடிவத்தில் ‘பெப்’ என்ற ஒரு சொல் இருந்தது. துடிப்பு, சுறுசுறுப்பு என்கிற மாதிரி. ஸ்பெயின் வடிவத்தில் அதை ‘விதாலிதாத்’ ஆக்கினார்கள். ஆங்கிலத்தின் இரண்டாம் பதிப்பிலேயே ‘பெப்’பை எடுத்துவிட்டு வேறு சொல் போட்டார்கள். மூலமே ஆட்டம் கண்ட இடத்தில் மொழிபெயர்ப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

#19 நடைவண்டி

அமெரிக்காவின் ஐந்து தென்மேற்கு மாநிலங்களில் 65 வயதுக்கு மேற்பட்ட 3,050 மெக்சிகோ வம்சாவளி முதியவர்களை 1993இலிருந்து பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இருக்கிறது, டெக்சஸும் அதில் உண்டு. மெக்சிகோவிலேயே 2001இல் தொடங்கிய எனாசெம் என்ற ஆய்வு 50 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தொடர்கிறது. அதில் மனநிலைக் கேள்விகளுக்குப் பதில் வெறும் ஆமாம், இல்லை. நான்கு படி, ஐந்து படி ஏணியே கிடையாது. நுணுக்கம் குறைகிறது, ஆனால் ‘உன் போகோ பெரிசா, அல்கோ பெரிசா’ என்ற சண்டை வராது. மூன்றாம் வகுப்புப் படித்தவர்களுக்கு நான் அந்தப் பக்கம்தான்.

#20 எண்சாண்

நான் அந்தப் பக்கம் இல்லை. வகுப்பால் ஏற்படும் சின்ன மாற்றம் ஆமாம்-இல்லையில் தெரியாது. அதற்குப் பதில் ஏணியைக் கண்ணுக்குக் காட்டுங்கள். ஐந்து தம்ளர் படம், காலியிலிருந்து நிரம்பியதுவரை. சொல்லை மாற்றவில்லை, பக்கத்தில் படம் வைக்கிறீர்கள். அப்படிச் செய்ததை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

#21 பிராங்ஸ்_தம்பி

தம்ளர் நிரம்பியிருந்தால் களைப்பு நிறைய என்று அர்த்தமா, தெம்பு நிறைய என்று அர்த்தமா? எங்கள் பாட்டிகள் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

#22 எண்சாண்

...சரி, மூட்டை படம் போடுங்கள். சுமை கூடக் கூடக் களைப்பு.

#23 வைகைக்கரை

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். செய்ததைச் சொல்கிறேன்.

ஃபேசிட்டை நிறுத்திவிட்டேன். பிட்ஸ்பர்க் தாளின் ஸ்பானிஷ் வடிவத்துக்கு அனுமதி வாங்கினேன். வாசிப்பதற்கு முன் ஆறு பேரிடம் ஒவ்வொரு வரியையும் அவர்கள் சொல்லில் சொல்லச் சொன்னேன். எங்கள் மையத்தில் ‘ஃபதீகா’ பெரும்பாலும் களைப்பாகவே புரிந்துகொள்ளப்பட்டது. புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து வந்த ஒரு பாட்டி மட்டும் உடனே கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காட்டினார். தம்பி, உங்களை நினைத்துக்கொண்டேன். மூட்டைப் படம் வேலை செய்கிறது. அதோடு கூடத்தின் நீளத்தில் 20 மீட்டருக்குக் கோடு போட்டு, போய்வந்தால் ஒரு சுற்று என்று 400 மீட்டர் நடையும் சேர்த்துக்கொண்டேன்.

பணம் கொடுக்கிறவர்களுக்கு மூன்று எண் போகும்: உடம்புக் கணக்கு, மனக் கணக்கு, இரண்டாவது சுற்றுக்கும் ஒன்பதாவது சுற்றுக்கும் உள்ள வித்தியாசம். ஒரே எண் கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை.

இப்போது பெரியவர். நடையை ஆறாவது சுற்றிலேயே நிறுத்திவிட்டார். கூடம் சூடாக இருக்கிறது என்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பிட்ஸ்பர்க் தாளில் நடை, தோட்டவேலை எல்லாவற்றுக்கும் 1, 2 என்று சொல்லிக்கொண்டே வந்தார். ‘விருந்தாளிகளை உபசரிப்பது’ வந்தது. "செரோ" என்றார். பூஜ்யம். பின்னால் பின்னல் வேலை செய்துகொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்காமலே "சிங்கோ" என்றார். ஐந்து. போன கிறிஸ்துமஸுக்கு மகள் குடும்பம் வந்தபோது, தட்டுகளை எடுக்கும் முன்பே இவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டாராம். அதற்கு முந்தைய வருடம் யாரையும் கூப்பிடவே வேண்டாம் என்றாராம். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தார்.

எண்சாண், நான் எதை எழுதட்டும்?

#24 எண்சாண்

தாத்தா சொன்ன பூஜ்யத்தை எழுதுங்கள். களைப்புக்கு வேறொருவர் பதில் சொன்னால் கணக்கில் எடுப்பதில்லை. பாட்டி சொன்னதை ஓரத்தில் பென்சிலில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வரியை, பாட்டி பக்கத்தில் இல்லாதபோது, மறுபடி கேளுங்கள்.

#25 வைகைக்கரை

பாட்டி பக்கத்தில் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. பார்க்கிறேன்.